யாரும் சொல்லாத வாடை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறையொன்றும் இல்லை, மனசுக்குத்தான் கொஞ்சம் சரியில்லை. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிற மனுஷனுக்குத் திடீரென்று எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா என் தோளோடு ஒட்டி நிற்கிறாள், நான் பாதி சொல்வதற்குள் மீதியை அவளே சொல்லி முடித்துவிடுகிறாள். இது அவளைப் பற்றிய சங்கதி. அதனால் அவள் கடைக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு ஒருமுறை விடாத சளியும் காய்ச்சலுமாக இருந்ததே, அதற்குப் பிறகு எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள், ஞாபகம் இருக்கிறதா. வயசானால் நாக்கு அப்படித்தான் என்று நானும் சிரித்து ஒதுக்கிவிட்டேன். போனது நாக்கு இல்லை, மூக்கு. அவளுக்கே அது தெரியவில்லை. என் மூக்கோ பெயின்ட் கம்பெனியில் தின்னரை முகர்ந்து முகர்ந்து எப்போதோ மழுங்கியது. ஆக வீட்டில் இரண்டு மூக்கு, இரண்டும் கண்ணாடி மாட்டத்தான் உதவின.

இதற்கிடையில் அம்மாவிடம் தைக்கக் கொடுப்பவர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். பாங்கில் வேலை பார்க்கும் அம்மாள் வரவில்லை, எதிர்வீட்டுக்காரர் கூடத் தன் பேன்ட்டை வேறு கடையில் கொடுத்து மடித்துத் தைத்துக்கொண்டார். பாட்டு டீச்சர் இருக்கிறாரே, வாரம் தவறாமல் வந்து அம்மா மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாரே, அவரும் தொண்டை சரியில்லை, வேலை அதிகம் என்று ஏதேதோ சொல்லி வருவதை விட்டார். தைக்கக் கொடுத்த சாம்பல் கலர் குளிர்க் கோட்டைக்கூட வாங்க வரவில்லை. தன் தையல்தான் கோணலாகிவிட்டது, கண்தான் ஏமாற்றுகிறது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். கண்ணாடியை மாற்றினாள். அந்தக் கோட்டைப் பிரித்தாள், தைத்தாள், திருப்தியில்லாமல் மறுபடியும் பிரித்தாள். நல்ல தையலைப் பிரிக்கிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், காரணம் எனக்கும் தெரியவில்லை.

கடைசியில் மாடி வீட்டு நர்ஸ்தான் உடைத்துச் சொன்னாள். யூனிபார்மைச் சரிசெய்ய வந்தவள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். அக்கா கோவிச்சுக்காதீங்க, வீட்டுல ஒரு வாடை வருது, துணியில எல்லாம் ஒட்டிக்குது, உங்களுக்குத் தெரியலையா என்றாள். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏங்க, நிஜமாவா என்று கேட்டாள். எனக்குத் தெரியலையேம்மா என்றேன்.

அன்றைக்கே பெரிய அலமாரியை இழுத்தோம். சமையலறைத் தண்ணீர் போகிற குழாய் சுவருக்குள்ளேயே கசிந்து, அலமாரிக்குப் பின்னால் அம்மா கட்டிவைத்திருந்த வெட்டுத்துணி மூட்டைகள் எல்லாம் ஊறி அழுகி, சுவர் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சை பிடித்திருந்தது. குழாய்க்காரர் வந்து சரிசெய்தார். மூட்டைகளைத் தூக்கிப் போட்டோம். வாசனை ஸ்ப்ரே எதுவும் வேண்டாம், அது நாற்றத்துக்குச் சட்டை போட்டுவிடுகிற மாதிரி என்று நர்ஸ் சொல்லிவிட்டாள். வினிகரைத் தண்ணீரில் கலந்து சுவரைத் துடைத்தோம். நான் அவசரத்தில் பாட்டிலையே கவிழ்த்துவிட்டுக் கண்ணெரிச்சலில் வீட்டை விட்டே ஓடினேன், அன்றைக்குத்தான் அம்மா கொஞ்சம் சிரித்தாள். மெத்தையிலும் கம்பளத்திலும் சமையல் சோடாவைத் தூவி ஊறவிட்டுப் பெருக்கினோம். அலமாரிக்குள் ஒரு கூடை அடுப்புக்கரி, ஜன்னலோரம் காயவைத்த காப்பித்தூள் சக்கை, தண்ணீரில் கொதிக்கவிட்ட எலுமிச்சைத் தோல் என்று வீடே ஒரு வைத்தியசாலை ஆகிவிட்டது. எல்லாவற்றையும் விட வெயில்தான் பெரிய மருந்து. நீயும் ஃப்ரிட்ஜில் ஒரு கிண்ணம் சோடா வைத்துப் பார். வினிகரை மட்டும் ப்ளீச்சோடு சேர்த்துவிடாதே, அது விஷப்புகை.

வாடை போய்விட்டது என்று நர்ஸ் சொன்னதும் அம்மா அந்தக் கோட்டைத் துவைத்து, தேய்த்து, எடுத்துக்கொண்டு பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். டீச்சர் கதவைத் திறந்தபோது வேறு யாரோ தைத்த புதுக் கோட்டைப் போட்டிருந்தார். அவருக்கு முகம் செத்துவிட்டது. உன் மனசு நோகுமேன்னுதான் சொல்லலை என்று கையைப் பிடித்துக்கொண்டார். சொல்லாம விட்டதுதான் நோகுது என்று அம்மா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டீச்சர் இன்றுவரை இந்தப் பக்கம் வரவில்லை. பாவம், வெட்கமாக இருக்கும். தைக்கக் கொடுப்பவர்கள் ஒன்றிரண்டு பேர் திரும்பியிருக்கிறார்கள், ஆனால் அம்மா முன்போல யாரோடும் வாய்விட்டுப் பேசுவதில்லை. யாராவது சீக்கிரம் கிளம்பினால் அவள் முகம் மாறுகிறது. மூக்கு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்கிறார்.

இனிமேல்தான் விஷயம். நேற்று சாப்பிடும்போது அம்மா திடீரென்று கேட்டாள். போன லீவுக்கு வந்தப்ப அந்தக் குளிர்லயும் புள்ள ஜன்னலைத் திறந்து வச்சுத்தானே படுத்தா, பாதியிலேயே ஆபீஸ்ல கூப்பிட்டாங்கன்னு கிளம்பினாளே, அவளுக்கும் தெரிஞ்சிருக்குமோ என்றாள். சேச்சே, இருக்காது என்றேன். அவள் நம்பவில்லை, எனக்கும் தெரியாது. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு. பெற்றவர்கள் வீடு நாறுகிறது என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத்தான் வாய் வரும். ஆனால் உன்னிடம் இதைக் கேட்க அவள் வாயே திறக்கமாட்டாள். அதனால் நீயாகவே அவளிடம் பேசு. தெரிந்திருந்தால் தெரியும் என்றே சொல். திட்டினால் வாங்கிக்கொள், அழுதால் போனை வைத்துவிடாதே.

குடும்பத்தோடு எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வாண்டுக்குத் தாத்தாவின் முத்தம். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. முடிந்தபோது ஒரு நடை வந்துவிட்டுப் போ. வந்ததும் வாசலிலேயே நின்று நன்றாக மூச்சை இழுத்துப் பார். எடுத்த எடுப்பில் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதே, அவள் நம்பமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அப்பா