சிப்பாயின் துவக்கில் தொங்கிய கோட்டு

ஒக்டோபர் 19, ஞாயிறு

கோபம் இன்னும் அடங்கவில்லை.

தங்கச்சியின் மகள் ஆரணிக்கு அடுத்த மாதம் கலியாணம். படம் எடுக்க என்று அஜக்ஸ் நகருக்கும் அப்பால், சோளக்காடுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். உலகப் போரில் செத்த அந்த ஊர்ப் பொடியன்களுக்காக அங்கே ஒரு கற்சிப்பாய் துவக்கைத் தோளில் சாத்தியபடி நிற்கிறான். காலடியில் அவர்களின் பெயர்கள். ஒரே குடும்பப் பெயரில் மூன்று பேர்.

மாப்பிள்ளை கோட்டைக் கழற்றிச் சிப்பாயின் துவக்கில் கொழுவினார். எல்லோரும் சிரித்தார்கள். படக்காரன், "சூப்பர், அப்பிடியே நில்லுங்கோ" என்றான்.

"தம்பி, கோட்டை எடும்" என்றேன்.

"அன்ரி, உது வெறும் சிலைதானே."

"உதிலை பேர் இருக்கு. வாசியும்."

தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, சும்மா இருங்கோ. சம்பந்தி ஆக்கள் பாக்கினம். ஆரோ வெள்ளைக்காரர் செத்ததுக்கு உங்களுக்கு ஏன் கோவம்?"

அவளுக்கா தெரியாது? ஊரில் இயக்கத்துக்குப் போய்ச் சண்டையில் செத்த எங்கள் அண்ணையின் கல்லறையை ஆமிக்காரர் புல்டோசரால் உடைத்துப் போட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, என் மடியில் கிடந்து அழுதவளே அவள்தான்.

கோட்டை நானே இழுத்து எடுத்து மாப்பிள்ளையின் கையில் திணித்துவிட்டு, காருக்குள் போய் இருந்தேன். ஆரணி வந்து கண்ணாடியில் தட்டினாள்.

"பெரியம்மா, உங்களுக்கு என்ன பிரச்சினை?"

அவளுக்கு ஒரு மாமா இருந்ததே தெரியாது. பிள்ளைகளுக்கு அந்தக் கதை வேண்டாம் என்று தங்கச்சி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நான் கண்ணாடியை இறக்கி, அண்ணையின் பெயரைச் சொன்னேன்.

தங்கச்சி இனி என்னோடு கதைக்க மாட்டாளாம். கதைக்காமல் இருக்கட்டும்.