வியாழக்கிழமை இரண்டு காபி

மார்ச் 3

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

இங்கே நலம். பதினொரு நாள் யோசித்து, ஏழு வங்கிகளின் காகிதங்களை மெஸ் மேஜையில் பரப்பி ஒப்பிட்டு, இரண்டு முறை மனம் மாறி, இன்று காலை பத்தேகாலுக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். புதிதாக ஒரு கிரெடிட் கார்டு எடுத்து, அதில் உன் பெயருக்கும் ஒரு கூடுதல் அட்டை வாங்குவது என்பதே அந்த முடிவு. படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டபோது எதிரே உட்கார்ந்திருந்த கிரேன் டிரைவர் எழுந்து நிற்கவில்லை. விஷயத்தின் கனம் அவருக்குத் தெரியாது.

ஒரு வங்கி, விமான நிலையத்தில் உட்கார சோபா தருகிறேன் என்றது. நாம் விமானம் ஏறி ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னொன்று பரிசுப் புள்ளிகள் தருகிறதாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று வருஷம் விடாமல் செலவழித்தால் ஒரு டார்ச் லைட் கிடைக்கும். நான் தேர்ந்தெடுத்த கார்டுக்கு வருடக் கட்டணம் கிடையாது. அதைத் தவிர அதில் ஒரு சிறப்பும் இல்லை என்பதால் அதன் மேல் நம்பிக்கை வந்தது.

கார்டைப் போட்டுப் பணமாக எடுக்காதே; எடுத்த அன்றே வட்டி ஓடத் தொடங்கும். பின் நம்பரை யாரிடமும் சொல்லாதே, குறிப்பாக உன் அக்காவிடம். பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதை மட்டும் கட்டுகிறவன் ஆயுளுக்கும் கட்டிக்கொண்டிருப்பான். முழுப் பில்லையும் நான் கட்டிவிடுவேன், உனக்கு அந்தக் கவலை வேண்டாம்.

நீ எந்தக் கடையில் கார்டைத் தேய்த்தாலும் கடையின் பெயர், தொகை, நேரம் மூன்றும் உடனே என் ஃபோனுக்குச் செய்தியாக வரும். இது வங்கியின் ஏற்பாடு. நான் கேட்டு வாங்கியதல்ல.

ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷத்தில் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று நாம் செய்துகொண்ட ஒப்பந்தம் நன்றாகவே நடக்கிறது. பதினெட்டு மாடிக் கட்டடத்தில் நாலு லிஃப்டில் ஒன்றுதான் என் சோதனையில் தேறியிருக்கிறது. மே மாதம் மூன்று நாள் விடுமுறை தருகிறார்கள். வந்து திரும்பவே இரண்டு நாள் போய்விடும்.

உன்,
முதன்மை அட்டைதாரர்


மார்ச் 14

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

கார்டு வந்தது. கண்ணாடிக்கடை முதலாளியம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, “என்னடி, உன் புருஷன் ஒருவழியா பர்ஸைத் திறந்துட்டாரா?” என்றார். பர்ஸைத் திறக்கவில்லை, அதற்கு ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார் என்றேன்.

சில சந்தேகங்கள். பில் போட்ட மறுநாள் வாங்கினால் பணம் கட்ட ஒன்றரை மாதம் கிடைக்குமாமே, நிஜமா? லிமிட் நம் இருவருக்கும் சேர்த்தா, தனித்தனியா? ஒழுங்காகக் கட்டினால் வங்கியில் நல்ல பெயர் யாருக்கு? சூப்பர் மார்க்கெட் வாசலில் கார்டு விற்க மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டேன். பொறுமையானவர். “லிமிட் சேர்த்துத்தான் மேடம். நல்ல பேர் மட்டும் சாருக்கு” என்றார்.

நேற்று ஒருவர் நாற்பத்தோரு ஃபிரேம் போட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடி துடைக்கும் துணி ஒன்று வாங்கிக்கொண்டு போனார். காலையிலிருந்து நின்றே இருக்கிறேன். கால் வீங்குகிறது. நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

உங்கள்,
கூடுதல் அட்டைதாரர்


ஏப்ரல் 4

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் சந்தேகங்களுக்கு மேஜைக்காரர் சொன்ன பதில்கள் சரியே. அவருக்கு என்ன வயது என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

பொது அறிவுக்காக ஒன்று கேட்கிறேன். மார்ச் 20, 27, ஏப்ரல் 3. மூன்றும் வியாழக்கிழமை. மூன்று நாளும் மாலை நாலு பத்துக்கு ஒரே காபிக்கடையிலிருந்து எனக்கு ஒரே தொகை வருகிறது. ஒரு காபிக்கு அது அதிகமாகப் பட்டதால் கடைக்கு ஃபோன் செய்து விலை கேட்டேன். சரியாக இரண்டு காபிக்கான தொகை. சர்க்கரை கூடுதலாக வேண்டுமா என்று ஃபோனை எடுத்த பெண் கேட்டாள். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 1 அன்று ஆண்கள் துணிக்கடையிலும் ஒரு செலவு. என் பிறந்தநாள் நவம்பரில்.

நான் சந்தேகப்படுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். லிஃப்ட் பாதி மாடியில் நின்றால் காரணம் கேட்பது சந்தேகம் ஆகாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உன்,
முதன்மை அட்டைதாரர்


ஏப்ரல் 11

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

ஒரு வாரமாகப் பதில் இல்லை. ஆனால் நேற்று வியாழக்கிழமை நாலு பத்துக்கு வழக்கமான செய்தி வந்தது. தொகை கூடியிருந்ததால் கடையில் கேட்டேன்; கூடவே ஒரு கேக்.

லிஃப்டில் ‘எட்டுப் பேர்’ என்று ஏன் எழுதியிருக்கிறது? ஒன்பதாவது ஆள் கெட்டவன் என்பதால் இல்லை. கம்பிக்கு ஒரு வரம்பு வேண்டும். அதே நல்லெண்ணத்துடன் வங்கிக்கு எழுதி, உன் அட்டையின் லிமிட்டைக் குறைத்துவிட்டேன். மே 1 முதல் அமலுக்கு வரும். காய்கறி, மருந்து, வாரம் ஒரு காபி. ஒரு ஆளுக்கு ஒரு காபி போதும் என்பது என் கணக்கு.

மெஸ்ஸில் எனக்கு எதிரே உட்காரும் கிரேன் டிரைவர் என் முகத்தைப் பார்த்து, “என்ன சார், வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்றார்.

உன்,
முதன்மை அட்டைதாரர்


ஏப்ரல் 12

அன்புள்ள லிஃப்ட்காரருக்கு,

உங்கள் நாலாம் தேதிக் கடிதம் இன்றுதான் கிடைத்தது.

இரண்டு காபியும் எனக்குத்தான். அந்தக் கடையில் எல்லாம் இருவர் உட்காரும் மேஜைகள். ஒரு கப்போடு தனியாக உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிஷம், “இந்த சேர்ல யாராவது வர்றாங்களா மேடம்?” என்று பரிமாறுகிறவர் வந்து நிற்பார். எதிரே ஒரு கப் இருந்தால் கேட்க மாட்டார். வியாழக்கிழமை மட்டும் எனக்கு நாலு மணிக்கு வேலை முடிகிறது. ஒரு மணி நேரம் யாரும் என்னை எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்க அந்த இரண்டாவது காபி. போகும்போது அதையும் குடித்துவிடுவேன், ஆறிப்போயிருக்கும். முதல் நாள் அவர் கேட்டபோது “வருவாங்க” என்று சொல்லிவிட்டேன். யாரை நினைத்துச் சொன்னேன் என்று உங்களுக்கு விளங்கும்.

துணிக்கடையில் வாங்கியது உங்களுக்கு ஒரு சட்டை. அளவு நாற்பத்திரண்டு. போன மாதம் அனுப்பிய போட்டோவில் நாற்பது அளவுச் சட்டையின் பொத்தான்கள் படும் பாட்டைப் பார்த்தேன். மே விடுமுறைக்கு நான் அங்கே வரலாம், சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று இருந்தேன். உங்கள் விசாரணையில் அதுவும் வெளியே வந்துவிட்டது. பரவாயில்லை. பில் தேதி முடிந்து மே 2 அன்று டிக்கெட் எடுக்கிறேன். ஒன்றரை மாதம் கிடைக்கும், பாருங்கள்.

உங்கள்,
கூடுதல் அட்டைதாரர்


ஏப்ரல் 19

என் அன்பான கண்ணாடிக்காரிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாவது முறை கிரேன் டிரைவருக்கும் படித்துக் காட்டினேன். “நல்ல பொம்பளை சார். நீங்கதான்…” என்று ஆரம்பித்தவர் சாப்பாட்டைக் கவனித்தார். நாற்பத்திரண்டு என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

நீ வா. மூன்று நாளும் உன் கால் தரையில் படாமல் பார்த்துக்கொள்கிறேன். தேறிய லிஃப்டில் பதினெட்டாவது மாடிக்குக் கூட்டிப் போகிறேன்.

லிமிட்டைப் பழையபடி ஏற்றச் சொல்லிப் படிவம் நிரப்பிவிட்டேன். தபாலில் போடுவதுதான் பாக்கி. கவலைப்படாமல் டிக்கெட் எடு.

ஒரே ஒரு விஷயம். அந்தப் பரிமாறுகிறவர் ஒவ்வொரு வியாழனும் நீ தனியாகத்தான் இருக்கிறாய் என்பதைக் கவனித்திருப்பார். யாரும் வரவில்லை என்று தெரிந்தும் ஏன் கேட்காமல் இருக்கிறார்? அவருக்கு என்ன வயது? பார்த்துச் சிரிப்பாரா? கேக் நீ கேட்டு வாங்கியதா, அவராகக் கொண்டுவந்ததா? இதற்கு மட்டும் உடனே எழுது.

உன்,
முதன்மை அட்டைதாரர்


மே 6

வணக்கம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. பரிமாறுகிறவரின் வயதைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. டிக்கெட் எடுத்துவிட்டு எழுதலாம் என்று விட்டுவிட்டேன்.

மே 2 அன்று கவுண்டரில் என் முறை வந்தபோது பின்னால் பதினைந்து பேர் இருந்தார்கள். கார்டை மூன்று தடவை போட்டுப் பார்த்தார் அந்தம்மா. அப்புறம் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கில், “லிமிட் பத்தலைம்மா. வேற கார்டு இருக்கா? வீட்டுக்காரருக்கு போன் போட்டுக் கேக்கறீங்களா?” என்றார். பின்னால் ஒருவர், “சீக்கிரம் கேளும்மா” என்றார். கைப்பையில் பணம் இருந்தது. எடுக்கவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து வங்கிக்கு ஃபோன் செய்தேன். “லிமிட் ஏத்தச் சொல்லி எந்தப் படிவமும் வரலையே மேடம்” என்றார்கள். என் பதில் வரட்டும் என்று வைத்துக்கொண்டிருந்தீர்கள் போல.

பரிமாறுகிறவருக்கு அறுபது வயது இருக்கும். சிரித்துப் பார்த்ததில்லை. கேக் நான் கேட்டு வாங்கியது. ஏப்ரல் 10 நம் கல்யாண நாள்.

சட்டையைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கூடுதல் அட்டையை நாலாக வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். சிப்பின் நேர் நடுவில் வெட்ட வேண்டும் என்று மேஜைக்காரர் சொன்னார். விடுமுறை மூன்று நாளும் கடையில் வேலைக்கு வருவதாகச் சொல்லிவிட்டேன்.

மேஜைக்காரரிடமே என் சம்பளச் சீட்டைக் கொடுத்து, என் பெயரில் தனியாக ஒரு கார்டுக்கு எழுதிக் கொடுத்தேன். லிமிட் குறைவுதான். செய்தி என் நம்பருக்கு வரும். படிவத்தின் கடைசிப் பக்கத்தில், குடும்பத்தில் யாருக்காவது கூடுதல் அட்டை வேண்டுமா என்று கேட்டிருந்தார்கள். ‘வேண்டாம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி