மேலே வரும் வண்டி

1986 தை, வெள்ளி ராத்திரி, மொரப்பூர்.

பழனிக்குத் தனியாத்தான் போய் வந்தேன். அவரு தவறின வருசம் துக்கம், மலை ஏறல. இன்னிக்கு ஏறினேன்.

எப்பவும் நான் படியில போவேன். முழங்கால் நோவுன்னு அவரு விஞ்ச் வண்டியில வருவாரு. கீழே வரிசை நீளம். நான்தான் முந்திப்போய் மேலே வண்டிக் கதவுகிட்டக் காத்திருப்பேன். இன்னிக்கும் கால் தானா அங்கேயே போய் நின்னுடுச்சு.

கதவுக்காரரு கேட்டாரு, "யாரும்மா வரணும்?"

"வூட்டுக்காரருங்க. அடுத்த வண்டியில வருவாருங்க." வாய் சொல்லிடுச்சு.

பொட்டில்லாத என் நெத்தியைப் பார்த்தாரு. நகந்து, நிக்க இடம் விட்டாரு.

கம்பி வடம் வண்டியை இழுக்கிற சத்தம் கேட்டுச்சு. கலைஞ்சிருந்த தலையைக் கையால படிய வெச்சுக்கிட்டேன்.