சந்தனம் பூசிய தகடு

மேசையில் ஒரு மஞ்சள் பந்து கிடக்கிறது. சிரிக்கிற மூஞ்சி வரைந்த ஸ்பாஞ்சுப் பந்து. அதன் ரப்பர் வாடை தயிர்சாதத்திலும் ஏறிவிட்டது. பாதியிலேயே டப்பாவை மூடிவிட்டேன். வேலையில் சலிப்பை வெல்வது எப்படி என்று வகுப்பெடுக்க வந்தவர் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். தினமும் செய்கிற வேலையைப் புதுவிதமாகச் செய்து பாருங்கள் என்றார். பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் பெண்களைப் பார்த்துச் சொன்னார். கைதட்டவும் வைத்தார். நீ இருந்திருந்தால் ஒரே கேள்வியில் அவரை உட்கார வைத்திருப்பாய். நானும் சேர்ந்து கைதட்டினேன்.

என் வெறுப்பு அவர்மேல் மட்டும் இல்லை. அந்த ஆயுதபூஜை வாரத்தைப் பற்றி உன்னிடம் நான் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

வேதியியலில் முதுகலை படித்தவள், தினமும் காலையில் அறை அறையாகப் போய் ஒரே பாதுகாப்புப் பதிவேட்டில் ஒரே வார்த்தையை எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி சரி. ரப்பர் விரிப்பு சரி. செப்புத் தகடு சரி. அலுத்துப் போய், அந்தச் செவ்வாய்க்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

பூஜை விடுமுறை முடிந்து சனிக்கிழமை திறந்தார்கள். கலவை அறை வாசலில், உடம்பில் ஏறிய மின்சாரம் மண்ணுக்கு இறங்கத் தொடுகிற தகட்டில், பூஜைச் சந்தனம் அப்பளம் கனத்துக்குக் காய்ந்திருந்தது. பெண்கள் அதை விரல் நுனியால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தார்கள். அறையின் பொறுப்பு உன்னுடையது. சந்தனத்தின்மேல் தொட்டால் மின்சாரம் இறங்காது, உள்ளே ஒரு பொறி போதும் என்று நீ கையைக் குறுக்கே நீட்டி எல்லோரையும் வெளியே நிறுத்தினாய். சாமிக்கு வைத்த சந்தனத்தைத் துடைக்கலாமா என்று யாரோ முனகினார்கள்.

"சாமியே வந்தாலும் தகட்டைத் தொட்டுட்டுத்தான் உள்ள வரணும்" என்றாய். புளியும் தண்ணீரும் கொண்டுவரச் சொல்லி நீயே தேய்த்தாய்.

பிறகு பதிவேட்டைப் புரட்டினாய். நீ என்னைவிட இரண்டு வயது சின்னவள். என் படிப்புக்காக என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாய்.

"டீச்சர், சனிக்கிழம தகடு சரின்னு செவ்வாக்கிழமையே எழுதியிருக்கீகளே. ஜோசியமும் படிச்சீகளோ?"

பெண்கள் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. மேனேஜரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேலை போயிருக்கும். எனக்கு அது இதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று டீ நேரத்தில், சலித்துப் போய்விட்டது என்று ஒரு சாக்குச் சொன்னேன். நீ கிளாஸைக் கீழே வைத்தாய்.

"சலிக்கட்டும் டீச்சர். இங்கன என்னிக்குச் சலிக்காம இருக்கோ, அன்னிக்கு ஃபயர் வண்டி வந்திருக்கும்."

நோய் உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடமாகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமைக் கையெழுத்தை நினைத்தால் இன்னமும் என் கையே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

வகுப்பைப் பற்றிக் கருத்து எழுத ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். அதில் சலிப்பு நீங்கியதா என்று கேட்டிருந்தார்கள். இல்லை, நீங்கவும் வேண்டாம். புதுவிதமாகச் செய்யச் சொன்னதை நாளைக் காலையே பெண்களிடம் மறுத்துச் சொல்லப் போகிறேன் என்று எழுதி, கீழே பெயரும் போட்டேன். பந்தைக் குப்பைக் கூடையில் எறிந்தேன்.

நாளைக்கும் ஏழரை மணிக்கு அந்த வாசலில் நிற்பேன். உள்ளங்கையை முழுதாகத் தகட்டில் வைப்பேன். செம்பின் குளிர்ச்சி கையில் ஏறிய பிறகுதான் பேனாவைத் திறப்பேன்.