மேப்பில் முதலாவதாக வருகிறோம், அப்பா

அப்பா, இதை யாரிடமும் காட்டாதே. உன்னால் காட்ட முடியாது என்று தெரியும். ஆனாலும் சொல்லிவிட்டு எழுதினால்தான் கை ஓடுகிறது. அம்மாவிடம் காட்டாதே. சித்தப்பாவிடம் காட்டவே காட்டாதே.

உன் போனை உன் காக்கிச் சட்டைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். அது அதிரும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கக் கூடாது. அம்மா துவைத்த சட்டைதான். இருந்தாலும் பிரிக்கும்போதெல்லாம் அந்த வாசனை வருகிறது. ஏசிக்குள் ஊறிய தூசி, செம்புக் குழாய், பற்றவைத்த புகை. நீ வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே நுழைந்துவிடும் வாசனை. மற்ற நாட்களில் அழுகை வரும். இன்று பயம்தான் வருகிறது.

நேற்று மேப்பில் நம் ஏசி சர்வீஸ் கடையின் பக்கத்தில் ஒரு ரிவ்யூ வந்தது. மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்கு அறை வாடகைக்கு விடும் ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஒற்றை ஸ்டார். 'புது ஏசி மாட்டிய மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போட்ட என் மகள் வெளிப் பெட்டியில் கை வைத்தாள். ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. கடவுள் புண்ணியத்தில் பிழைத்தாள். எர்த் கம்பியை மாட்டவே இல்லை. இவர்களைக் கூப்பிடாதீர்கள்.' அந்தப் பெண்ணுக்கும் என் வயதுதான் இருக்குமோ என்னவோ.

நீ போன பிறகு உன் பையைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். உன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்து பாதி வேலை கற்றவர். மீதிப் பாதியைக் கேட்க நீ இல்லை. அழைப்புகள் மட்டும் நிற்கவே இல்லை, அப்பா. ஏனென்றால் திருக்கழுக்குன்றத்திலிருந்து கடற்கரை வரை யார் ஏசி சர்வீஸ் என்று தேடினாலும் இன்றைக்கும் நாம்தான் முதலில் வருகிறோம்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நாம் அந்தப் பக்கத்தைத் தொடங்கினோம். "தமிழ்நாடு முழுக்க வருவோம்னு போடு பாப்பா" என்றாய்.

"செய்யூரத் தாண்டினா உன் வண்டி நின்னுடும்பா."

"அது வண்டிக்குத் தெரியும். பாக்கறவனுக்கு இன்னா தெரியும்?"

நான் ஒத்துக்கொள்ளவில்லை. நீ உண்மையில் போகும் ஊர்களை மட்டும் போட்டு, அதோடு சேர்த்த வெப்சைட்டில் ஊருக்கு ஒரு பக்கம் எழுதினோம். அங்கே என்ன கெட்டுப்போகும் என்று கேட்டேன். நீ சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய். நாவலூர் அடுக்குமாடியில் வெளிப் பெட்டியை எட்டாத உயரத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். செய்யூர் பக்கம் கரண்ட் குறைவாக வரும். கடலோரத்தில் உப்புக் காற்று பெட்டியைத் தின்னும். மாதம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். "இதையும் போட்டுட்டா அப்புறம் யாருப்பா நம்மளக் கூப்புடுவா?" என்று கேட்டேன். "கழுவ சோம்பல் படறவன் கூப்புடுவான், எழுது" என்றாய். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் நிறையப் பேர் கூப்பிட்டார்கள்.

உன் வண்டிப் பெட்டியில் ஒரு நம்பர், விசிட்டிங் கார்டில் ஒரு நம்பர், மேப்பில் வேறொரு நம்பர் இருந்தது. எல்லா இடத்திலும் ஒரே நம்பர் இருந்தால்தான் மேலே வருவோம் என்று சண்டை போட்டு மாற்ற வைத்தேன். அந்த நம்பர்தான் இப்போது சட்டைக்குள் இருக்கிறது.

ரிவ்யூ விஷயத்தில் நீ செய்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். எழுதத் தெரியாது என்று சொன்னவர்களின் போனையெல்லாம் வாங்கி நீயே எழுதினாய். எல்லாவற்றிலும் ஒரே வரி: 'நல்ல மனிதர், சுத்தமான வேலை.' எல்லாம் ஒரே கை எழுதியது என்று கண்டுபிடித்து, ஒருநாள் மேப்காரர்கள் அத்தனையையும் மொத்தமாக எடுத்துவிட்டார்கள். "இன்னாடா இது, என் நல்ல பேரு ஒரே ராத்திரில பூட்ச்சே" என்று நீ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாய். அதன் பிறகு அவரவர் வாயில் வந்ததை அவரவரே எழுதட்டும் என்று விட்டோம். 'அண்ணன் லேட்டா வந்தார், ஆனா ஒழுங்கா செஞ்சார்' என்று ஒருவர் எழுதியதற்குக் கோபப்பட்டாய். அப்படி வந்தவைதான் நம்மை மேலே ஏற்றின.

பூஞ்சேரியில் டீ குடிக்க நின்றபடி கூப்பிடுவாய். "பாப்பா, நாம முதல்ல வர்றோம்!"

"உன் போன்ல உன்னத்தான் காட்டும்பா. வேற யார் போன்லயாவது பாரு."

அதற்குப் பிறகு டீக்கடையில் இருப்பவர்களையெல்லாம் பிடித்துக்கொண்டாய். "தலைவரே, உங்க போன்ல ஏசின்னு போடுங்களேன்." ஒருநாள் யாரோ முன்பின் தெரியாதவர் போனில் நாம் முதலில் வந்தோம். அவருக்கும் நீதான் டீ வாங்கிக் கொடுத்தாயாம்.

அன்றைக்கு நான் குதித்தேன். நீ மட்டும் சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "யாரு எவருன்னு தெரியாம, மேப்ல பாத்து படுக்கற ரூம் வரைக்கும் வுடறாங்க பாப்பா. அத மறக்கக் கூடாது."

விடுமுறையில் உன்னோடு வந்த வீடுகளிலெல்லாம் அதைப் பார்த்திருக்கிறேன். வேலை முடிந்ததும் டெஸ்டர் வைத்துப் பார்ப்பாய். பிறகு புறங்கையைப் பெட்டியின் மேல் வைப்பாய். வீட்டுக்காரர் அருகில் வந்தால் தடுப்பாய். "நான் தொட்டதுக்கு அப்புறம்தான் நீங்க தொடணும்."

சித்தப்பா அப்படித் தொடுவதில்லை போலிருக்கிறது.

இன்று சாயங்காலம் வந்து கேட்டார். "இன்னா பாப்பா, அந்த ஒத்த ஸ்டார இன்னும் தூக்கலியா?"

"நாம தூக்க முடியாது சித்தப்பா. எழுதினவங்கதான் எடுக்கணும்."

"அப்ப கீழ தள்ளு. நம்ம பசங்க இருக்கானுங்க. ஆளுக்கு ஒரு நல்ல ரிவ்யூ நீயே எழுதிக் குடு, போட்டுடுவானுங்க. காலைல அது என் கண்ணுல படக் கூடாது. இல்ல, போன என்கிட்ட குடுத்துட்டு ஸ்கூல் வேலய மட்டும் பாரு."

இந்த மாதம் அவர் புது ஏசி மாட்டிய மற்ற வீடுகளுக்குப் போய் எர்த் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். கையை ஓங்கினார். அடிக்கவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "கம்முனு சொன்னதச் செய்யி பாப்பா. நாளைக்கும் இது எரியணும்ல" என்றாள்.

எனக்கு அப்படிப் பொய் ரிவ்யூ எழுத நன்றாகத் தெரியும், அப்பா. அதுதான் பயம். ஒவ்வொன்றிலும் வேறு ஊர், வேறு பேச்சு, நடுவில் ஒரு சின்னக் குறை. யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஒன்று எழுதிப் பார்த்தேன். படித்தால் நீ செய்த வேலை போலவே இருந்தது. அழித்துவிட்டேன்.

வெளியே கோடை மழை பிடித்துக்கொண்டது. இந்த மாதம் சித்தப்பா நாவலூரில் ஒரு வீட்டிலும் கொக்கிலமேட்டில் ஒரு வீட்டிலும் புது ஏசி மாட்டினார். இங்கே மலையடிவாரத்தில் ஒரு டீச்சர் வீட்டிலும் மாட்டினார். அவர்கள் கூப்பிட்டபோது போனை எடுத்தது நான். "யாருக்கும்மா தெரியும், மேப்ல ஃபர்ஸ்ட் வந்தீங்க, அதான்" என்றார் டீச்சர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளும் இப்போது நனைந்துகொண்டிருக்கும். அவர்களை எச்சரிக்க இப்போதைக்கு அந்த ஒற்றை ஸ்டார் ரிவ்யூ மட்டும்தான் இருக்கிறது.

அதன் கீழே பதில் எழுதினேன். 'தவறு எங்களுடையது. இந்த மாதம் எங்களிடம் ஏசி மாட்டியவர்கள் வெளிப் பெட்டியைத் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, வேறொருவரை வைத்து எர்த் பாருங்கள்.' மூன்று வீடுகளுக்கும் அதையே அனுப்பினேன். டீச்சர் மட்டும் பார்த்துவிட்டார். 'அணைத்துவிட்டேன் ம்மா' என்று வந்தது.

பிறகு மேப்பில் கடையை 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று மாற்றினேன். இனி யாரும் கூப்பிட மாட்டார்கள். நீ டீ வாங்கிக் கொடுத்துச் சேர்த்த இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். நாளை அடுப்புக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றும் தெரியவில்லை. ஆனால் முதலில் நாம் தொட வேண்டும் என்று நீதானே காட்டினாய்.

முன்னறையில் விளக்கு எரிகிறது. யாருடைய போனோ அடித்து நின்றது.

சித்தப்பா கதவைத் தட்டுகிறார். "பாப்பா, இன்னா பண்ணி வெச்சிருக்க? கதவத் தொற."

போனை மறுபடி சட்டைக்குள் சுற்றவில்லை, அப்பா. கையிலேயே வைத்துக்கொண்டு கதவைத் திறக்கப் போகிறேன்.