நாலு அங்குல வாட்டம்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அப்பா, தரை சாய்வாக இருக்கக் கூடாதுங்க."

வீட்டுக்குக் கிழக்கே அம்மாவுக்கான நீச்சல் தொட்டிக்கு இடம் தயார் செய்தார்கள். குழி தோண்டாமல் தரைமேல் நிறுத்தும் வகை. இரும்புச் சட்டம், தார்ப்பாய் போன்ற நீலச் சுவர், பதினைந்தடி வட்டம். ஜனவரியில் குளியலறையில் விழுந்து அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. நடை மட்டும் திரும்பவில்லை. அஸ்தம்பட்டியில் பிசியோதெரபி பார்க்கும் சௌந்தர்யா தெளிவாகச் சொன்னாள்: "தண்ணிக்குள்ள தினமும் நடக்கோணும். தரை சமமா இருக்கோணும். ஜூனுக்குள்ள நடை வரலீன்னா அப்புறம் வாக்கர்தான்."

அப்பா கயிறு கட்டி வடகிழக்குப் பக்கம் நாலு அங்குலம் வாட்டம் விட்டு இறக்கினார். தவறுதலாக அல்ல, வேண்டுமென்றே. எங்கள் களம், மொட்டை மாடி, மாட்டுக் கொட்டகை எல்லாமே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. "தண்ணின்னா ஈசானிய மூலை தாழ இருக்கோணும்" என்றார். "வட்டத்துக்கு ஏதுங்க மூலை?" என்று ஜன்னலுக்குள்ளிருந்து அம்மா கேட்டாள். கொத்தனார் அங்கமுத்து சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்வெட்டியைப் பார்த்தார்.

அவர் முன்னால் அப்பாவைத் திருத்த எனக்கு வாய் வரவில்லை. மரியாதையா, சோம்பலா? இரண்டும்தான்.

ஏப்ரல் 9

தொட்டி நிரம்பியது. சுவரின் உட்பக்கம் ஒரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. அதுவரை நிரப்ப வேண்டும். வடகிழக்கில் கோடு தண்ணீருக்குள் மறைந்துவிட்டது. எதிர்ப்பக்கம் நாலு விரல் மேலே நிற்கிறது. தண்ணீர் பொய் சொல்வதில்லை.

ஏப்ரல் 11

அம்மாவை இறக்கினோம். நான் ஒரு கை, அப்பா ஒரு கை. மேட்டுப் பக்கம் நான்கு அடி நன்றாக எடுத்து வைத்தாள். பள்ளத்தை நோக்கித் திரும்பியதும் இடுப்பு ஒருபக்கம் சரிந்தது.

"ஏனுங்க, தண்ணிக்குள்ளயும் மலை எறங்கச் சொல்றீங்களா?"

"பழகுனாச் சரியாப் போயிரும்" என்றார் அப்பா.

மாலையில் அவரிடம் தனியாகச் சொன்னேன், பாதி மட்டும். தொட்டிச் சுவர் ஒரு பக்கம் பிதுங்குகிறது, சட்டத்தின் கால்கள் மண்ணில் இறங்குகின்றன என்றேன். சாய்வே தவறு என்று சொல்லவில்லை. "அப்ப அந்தப் பக்கம் எம்-சாண்டு மணல் கொட்டி ஏத்திக்கலாம் சாமி" என்றார். தலையாட்டினேன். ஏன் தலையாட்டினேன்?

ஏப்ரல் 15

தண்ணீரை மரவள்ளிக் காட்டுக்குத் திறந்துவிட்டு, தொட்டியைக் கழற்றி, தாழ்ந்த பக்கம் எம்-சாண்டு நிரப்பி, மறுபடி தண்ணீர் விட்டார்கள். இரண்டு நாள் வேலை.

கோடு இப்போது ஏறக்குறைய சரி. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

ஏப்ரல் 18

விழுந்துட்டா. அம்மா விழுந்துட்டா.

வடகிழக்கில் கால் வைத்தாள், அடியிலிருந்த மணல் நழுவிவிட்டது. தலை முழுகிவிட்டது — இரண்டு நொடி இருக்குமா? தூக்கிவிட்டேன். அடி ஒன்றும் இல்லை. ஆனால் கரையேறியதும், "எனக்கு இந்தத் தொட்டி வேண்டாங் கண்ணு. வாக்கரே போதும்" என்றாள். கேலி இல்லை. அம்மா கேலி இல்லாமல் பேசி நான் கேட்டதே இல்லை.

நான்கு அங்குலத்தை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான். அப்பா இல்லை, நான்தான்.

ஏப்ரல் 19

கல்லூரி நூலகத்தில் வேலை செய்வதில் ஒரு வசதி: யாரும் எடுக்காத புத்தகங்கள் எல்லாம் எனக்குத்தான். நில அளவை நூல் ஒன்றை மதியம் முழுக்கப் படித்தேன். மேட்டை வெட்ட வேண்டும். பள்ளத்தை நிரப்பக் கூடாது. நிரப்பிய மண் கனத்தில் இறங்கும், வெட்டிய மண் இறங்காது. தொட்டித் தண்ணீரின் எடை பதினேழு டன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அங்கமுத்து அண்ணன் இருக்கும்போதே.

"அப்பா, மொட்டை மாடியில எதுக்குங்க வாட்டம் உடறோம்?"

"தண்ணி நிக்காம ஓடறதுக்கு."

"இதுல தண்ணி நிக்கோணுங்க. அம்மா அது மேல நடக்கோணும்."

 அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எடுத்து மறுபடி உதறினார்.

"ஈசானியத்தை மேடாக்கச் சொல்ற."

"மேடாக்கலீங்க. மேட்டை வெட்டி அதுக்குச் சமமாக்கறோம். ஈசானியத்துல ஒரு பிடி மண்ணுகூட ஏறாது. தண்ணி வெளியேத்தற வால்வு அந்தப் பக்கமே இருக்கட்டும்."

அங்கமுத்து அண்ணன் மெதுவாக, "பிள்ளை சொல்றது கணக்குதானுங்க. அன்னைக்கே எனக்கும் தோணுச்சு" என்றார்.

"தோணுச்சுன்னா வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார் அப்பா. கேள்வி அவருக்கு மட்டுமானதல்ல என்று எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 23

தொட்டியை மறுபடி கழற்றினோம். நடுவில் ஒரு முளைக்குச்சி, சுற்றிலும் எட்டு. தண்ணீர் நிரப்பிய டியூபைப் பிடித்து ஒவ்வொன்றிலும் மட்டம் குறித்தோம். ஒரு முனை அப்பா கையில், மறுமுனை என் கையில். "கால் அங்குலம் ஒசரம்" என்று நான் சொன்னால் அவர் எழுந்து வந்து தானும் பார்க்கிறார். பிறகு வெட்டச் சொல்கிறார். எம்-சாண்டு முழுவதும் வெளியே போயிற்று. தட்டிக் கெட்டிப்படுத்திய தரையில் வெறுங்காலோடு நடந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது முறை நடந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 26

கோடு சுற்றிலும் ஒரே உயரம். அப்பா தொட்டியை மூன்று முறை சுற்றி வந்தார்.

அம்மா எட்டிப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 29

இன்று அப்பாவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் இறங்கினார். ஒவ்வொரு அடியையும் அழுத்தி வைத்து முழு வட்டம் நடந்தார். நீந்தத் தெரிந்த மனிதர், பிடிமானம் தேவையில்லை என்று காட்டுவதுபோல் கைகளைக் கட்டிக்கொண்டே நடந்தார்.

"வா கோகிலா. எங்கயும் எறக்கம் இல்ல."

அம்மா தொட்டியின் விளிம்பைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். "நெசமாவா, இல்ல ஈசானியத்துக்குப் பயந்து சொல்றீங்களா?" என்றாள்.

கேலி திரும்பிவிட்டது. இறங்கினாள். அரை வட்டம்.

மே 12

ஒன்பது வட்டம். யார் கையையும் பிடிக்காமல்.

ஜூன் 3

சௌந்தர்யா வந்தாள். நடையைப் பார்த்துவிட்டு, வாக்கரை மடித்துச் சுவரோரம் வைத்தாள். அம்மாவிடம் கைத்தடி மட்டும் கொடுத்தாள்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா இன்று காலை ஒன்பதரை மணி டவுன் பஸ்ஸில் தனியாக ஏறி, திருச்செங்கோட்டில் இரண்டு ஜாக்கெட் தைக்கக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்தாள்.