இடது பின்சக்கரத்தின் சூடு

மார்ச் 3, திங்கள்

நான் வாத்தியாராக இருந்தபோது ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "வண்டி நின்னதும் அதோட வேகம் எங்க சார் போகுது?" என் சைக்கிளை வகுப்புக்குள் தூக்கிவந்து, பின்சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டுப் பிரேக் பிடித்தேன். ரப்பர்க் கட்டையைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். கையை உதறிக்கொண்டு சிரித்தாள். வகுப்பெல்லாம் கருகின ரப்பர் வாசனை.

இன்று காலை அந்த வாசனை மாடிவரை வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் என் தம்பி ஓட்டும் பள்ளி வேன் முதல் நடை முடித்து வந்து நின்றது. இடது பின்சக்கரத்தில் புகை. அவன் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். கொதிக்கிற இரும்பில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும் என்று மேலிருந்தே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆறு வருடமாகப் பேச்சில்லை. சொல்லவில்லை. விரியட்டும் என்று கூட நினைத்தேன். எழுதிவிட்டேன், அடிக்கப் போவதில்லை.

மார்ச் 5, புதன்

தம்பி மனைவி துணி எடுக்க மொட்டைமாடிக்கு வந்தவள் என்னிடம் நின்று பேசினாள். பிரேக் கட்டை மாற்றியாயிற்று, சக்கரத்துக்குள் இருக்கும் சிலிண்டர் மாற்றியாயிற்று, புகை நிற்கவில்லை. குழந்தைகள் வீட்டில் போய்ச் சொல்ல, பள்ளியில் எச்சரித்துவிட்டார்கள். 21ஆம் தேதி வண்டிச் சோதனை. அதில் தவறினால் வேறு வேன் பார்த்துக்கொள்வார்களாம். "இந்த ஓட்டம் போச்சுன்னா அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது மாமா."

காரணம் எனக்குத் தெரியும். பிரேக் மிதி மேலேயே காலை வைத்து ஓட்டுகிறான். எதிலும் அவனுக்குப் பொறுமை கிடையாது.

மார்ச் 8, சனி

மாலை கடைக்குப் போகிற வழியில் வழக்கம்போல் வேனின் கைபிரேக்கை இழுத்துவிட்டேன். தெரு நல்ல சரிவு. அவன் கியரில் போட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவான். கீழ்முனையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இடது கதவின் பூட்டு போய் மாதக்கணக்காகிறது, கையை நீட்டினால் எட்டும். இரண்டு மாதமாகச் செய்கிறேன். நன்றி எதிர்பார்க்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் தெருவே கேட்கும்படி கத்தினான். "எவன் என் வண்டியில கை வெக்கறது? நான் தொடாத கைபிரேக் காலையில மேல நிக்குது."

மாடியைப் பார்த்துத்தான் கேட்டான். நான் செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. நல்லது செய்தவன் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்?

மார்ச் 12, புதன்

மெக்கானிக் இரண்டு நாள் வேனைத் தன் கொட்டகையில் வைத்திருந்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். சக்கரம் சில்லென்று இருந்ததாம். நேற்று மாலை கொண்டுவந்து விட்டார். இன்று காலை மறுபடி புகை. வாசலிலேயே சண்டை. மெக்கானிக் நிதானமாக, "வண்டியில ஒண்ணுமில்லண்ணே, ஓட்டறவர் காலைப் பாருங்க" என்றார். தம்பி கழற்றின பழைய கட்டைகளை அவர் காலடியில் வீசினான்.

மெக்கானிக் பக்கம் நியாயம் என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன்.

மார்ச் 13, வியாழன்

மகள் வீட்டுக்குப் போகிறேன். இரண்டு ராத்திரி.

மார்ச் 16, ஞாயிறு

நேற்று மதியம் திரும்பினேன். மாலை வழக்கம்போல் கைபிரேக். இன்று பள்ளிக்கூடத்தில் ஏதோ விழாவாம், காலை நடை இருந்தது. திரும்பி வந்தபோது சக்கரம் புகைந்துகொண்டு வந்தது. தம்பி கீழே நின்று மனைவியிடம் பேசுவதுபோல என்னிடம் பேசினான். "வெள்ளியும் சனியும் பச்சைத் தண்ணி மாதிரி ஓடிச்சு. வாத்தியார் வந்தாச்சு, சூடாயிடுச்சு. வண்டிக்கும் அவரைக் கண்டா ஆகல."

அவள் சிரித்துவிட்டு, நான் பார்ப்பதைக் கண்டு உள்ளே போனாள்.

ஆறு வருடம் முன்பு உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், நேர்மையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, அவன் பத்தாம் வகுப்பில் காப்பியடித்து என்னிடமே மாட்டியதை உதாரணமாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மகள்களும் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் அவனுக்கு அண்ணன் இல்லை, வாத்தியார். ஒரு சின்ன உதாரணம். அதற்கு இவ்வளவா?

மார்ச் 17, திங்கள்

தூக்கம் பிடிக்காமல் அவன் சொன்னதையே உருட்டிக்கொண்டிருந்தேன். நான் இல்லாத இரண்டு நாள் சூடில்லை. கொட்டகையில் இருந்த இரண்டு நாளும் சூடில்லை. இது வசவா, கணக்கா?

பிரேக் மிதி மேல் காலை வைத்திருந்தால் நான்கு சக்கரமும் சுட வேண்டும். ஒன்று மட்டும் ஏன்? முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்கவில்லை. அவனாகத்தான் இருக்கும் என்று எனக்கு முன்பே முடிவாகிவிட்டது.

அந்த நான்கு நாளும் அந்த வண்டியில் இல்லாதது எது?

என் கை.

சைக்கிளில் துருப்பிடித்த பிரேக் கம்பி இப்படித்தான். இழுத்தால் போகும், விட்டால் திரும்பாது. பிடி பழைய இடத்துக்கு வந்துவிடும், கட்டை மட்டும் சக்கரத்தைக் கவ்விக்கொண்டே இருக்கும். அவன் கியரில் போட்டு நிறுத்துகிறவன், கைபிரேக்கைத் தொடுவதே இல்லை. நான் தொட்டேன். கைபிரேக்கிலிருந்து இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனிக் கம்பி. காலையில் அவன் பிடியை இறக்குகிறான், இடது பக்கக் கம்பி இறங்குவதில்லை. மேடுபள்ளத்தில் குலுங்கித் தளரும்வரை சக்கரம் வேகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மற்றதைத் தொடாதே என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன் நான்.

இன்று மாலை இழுக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

சூடில்லை. சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் சோதனையில் கைபிரேக்கை இழுத்துப் பார்ப்பார்கள். அங்கே கவ்வும்.

கீழே போனேன். மெக்கானிக்கும் இருந்தார், நல்லதாய்ப் போயிற்று. இரண்டு மாதமாக இழுத்தது நான்தான் என்றேன். இடது பக்கக் கம்பி சிக்குகிறது போலிருக்கிறது என்றேன். ஏன் இழுத்தேன் என்றும் சொன்னேன். காரணம் சொல்லும்போதே அது யாருக்கும் தேவையில்லை என்று தெரிந்தது.

தம்பி ஸ்பேனரோடு எழுந்தான். "எல்லார் முன்னாடியும் கத்தினேன்ல. மேல உக்காந்து கேட்டுட்டுத்தானே இருந்தீங்க?"

"ஆமாம்."

"அப்பவும் நான் ஒழுங்கா ஓட்டலைன்னுதான் நெனச்சீங்க."

அதற்கும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் போட்டான். மெக்கானிக் இடையில் வந்து, "சரிண்ணே, அடிக்கறதுன்னா கம்பியப் பார்த்துட்டு அடிங்க" என்றார்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கித் தாங்கி வைத்தார்கள். இடது சக்கரம் கையால் தள்ளினால் சுற்றியது. கைபிரேக்கை இழுத்து இறக்கியதும் தள்ளினார் மெக்கானிக். அசையவில்லை. மேலுறை கிழிந்து, உள்ளே கம்பி முழுக்கத் துரு. மெக்கானிக் தம்பியிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினார். நான் அதைக்கூடச் செய்யவில்லை என்பது படியேறும்போதுதான் உறைத்தது.

மார்ச் 19, புதன்

மறுபடி இறங்கினேன். இந்த இரண்டு மாதத்துக்கும், அன்று கூடத்தில் சொன்ன உதாரணத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டான்.

மார்ச் 21, வெள்ளி

இடது பக்கம் புதுக் கம்பி போட்டு வேன் சோதனையில் தேறிவிட்டது. தம்பி மனைவி கீழிருந்து கையை ஆட்டிச் சொன்னாள். அவன் சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மாடிப்படியில் எதிரே வந்தான். நான் ஒதுங்கினேன், அவன் தாண்டிப் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "வலது பக்கக் கம்பியும் அதே வயசுதான். மாத்தணுமா?"

"மாத்திடு."

"மாத்தியாச்சு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

தெரிந்துகொண்டேதான் கேட்டிருக்கிறான். மேலே வந்து இதை எழுதுகிறேன்.

இந்த நோட்டு யார் கைக்குப் போனாலும் ஒன்று சொல்லி வைக்கிறேன். உங்கள் வண்டியில் ஒரு பின்சக்கரம் மட்டும் சுட்டால், ஒரு ராத்திரி கைபிரேக் போடாமல், சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நிறுத்துங்கள். காலையில் வழக்கமான தூரம் ஓட்டி வந்து, சக்கரத்தருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடில்லையென்றால் கைபிரேக் கம்பியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.